வீரவாளும் வெட்டரிவாளும்

2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுக் காவல்துறை ஓர் அறுவடை நடத்தியது. அன்றைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு உத்தரவு போட்டார். மாநிலம் முழுக்க 52 மணி நேரம் விடிய விடியக் கதவைத் தட்டி, 3,325 பேரை ரவுடிகள் என்று அள்ளிக்கொண்டு வந்தார்கள். கூடவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கத்தி, அரிவாள். இந்த மாதிரி அறுவடைகளில் சிக்கும் இரும்பை மேசைமேல் துணி விரித்து, நீள வாரியாக அடுக்கி, பின்னால் அதிகாரிகள் கைகட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது மரபு. ஒரே ஒரு சந்தேகம். அந்த 3,325 பேரும் எங்கே இருக்கிறார்கள், எந்தத் தலைமாட்டில் எதை வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள் என்பது 52 மணி நேரத்தில் தெரிந்துவிடக்கூடிய விஷயம் என்றால், அதற்கு முந்தைய ஐம்பத்திரண்டு மாதம் ஸ்டேஷனில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கேட்டுவிடாதீர்கள். விசாரிக்க வரச் சொல்லுவார்கள்.

ஆட்களைப் பிடித்ததோடு விடவில்லை. அரிவாளின் பிறப்பிடத்துக்கே போய்விட்டார்கள். கத்தி, அரிவாள் அடிக்கிறவர்களும் விற்கிறவர்களும் வாங்க வருகிறவரின் பெயர், முகவரி, செல்போன் எண், எதற்காக வாங்குகிறார் என்ற விவரம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைக்க வேண்டும். முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கக் கூடாது. விவசாயத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் தவிர வேறெதற்கும் விற்கக் கூடாது. பட்டறையில் சிசிடிவி கேமரா மாட்ட வேண்டும்.

காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். திருப்பாச்சேத்தியில் ஒரு கொல்லுப் பட்டறை. பழைய லாரிப் பட்டையை உலையில் போட்டுப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டி போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறார் ஆசாரி. நம்ம ஆள் வருகிறான். "அண்ணே, நல்லா எடை நிக்கிற மாதிரி வீச்சரிவா ஒண்ணு குடுங்க. நோட்டுல எழுதணுமா? எழுதிக்குங்க. நோக்கம்ங்குற இடத்துல 'பங்காளியப் போடுறதுக்கு'ன்னு போட்டுக்குங்க. செல் நம்பர் இதுதான், சம்பவம் முடிஞ்சு ரெண்டு நாளைக்கு மட்டும் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கும். கேமரா எந்தப் பக்கம்ணே, இப்பிடித் திரும்பி நிக்கட்டுமா?" இப்படி ஒரு நேர்மையான கொலையாளியை நம்பித்தான் அந்த உத்தரவு எழுதப்பட்டது. மிச்சப் பேரெல்லாம் "விறகு வெட்ட" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். தமிழ்நாட்டில் அவ்வளவு விறகு எங்கே இருக்கிறது, எல்லாரும்தான் சிலிண்டருக்கு மாறிவிட்டோமே என்று எந்த அதிகாரியும் நோட்டைப் புரட்டிக் கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, சட்டம்தான் என்ன சொல்கிறது? 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதற்கு அப்பன் 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்தது. 1857 மாதிரி இன்னொன்று வந்துவிடக் கூடாதென்று இந்தியன் கையிலிருந்து ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டு, வெள்ளைக்காரனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்த புண்ணிய சட்டம். சுதந்திரம் வந்தது, வெள்ளைக்காரன் போனான், புதுச் சட்டம் எழுதினோம். விலக்கு மட்டும் ஊரைவிட்டுப் போக மனசில்லாமல் இங்கேயே தங்கிவிட்டது. யார் வீட்டில் தங்கியிருக்கிறது என்று பிறகு சொல்கிறேன்.

இந்தச் சட்டத்தின் கீழ் எழுதிய விதிகளில் கத்திக்கு அளவு உண்டு. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம், அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம் இருந்தால் அது ஆயுதம். வாள், குத்துவாள், ஈட்டி, போர்க் கோடரி எல்லாம் பெயர் சொல்லிப் பட்டியலில் உண்டு. ஆனால் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவை இதில் சேராது. நியாயமான ஏற்பாடுதான். இல்லாவிட்டால் தென்னை மரம் ஏறுகிறவரும் கறிக்கடைக்காரரும் அரிவாள்மனையில் மீன் ஆயும் காசிமேட்டு அக்காவும் ஆளுக்கு ஒரு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வர வேண்டியதுதான்.

ஆக, ஓர் இரும்பு ஆயுதமா கருவியா என்பதை முடிவு செய்ய அதன் நோக்கத்தைப் பார்க்க வேண்டும். இரும்புக்கு ஏது நோக்கம்? அதைப் பிடித்திருக்கிற கைக்குத்தான் நோக்கம். கையை யார் பார்ப்பது? ராத்திரி பதினோரு மணிக்கு வாகனச் சோதனையில் நிற்கும் எஸ்.ஐ. பகல் முழுக்க இளநீர் வெட்டிய அரிவாளைச் சாக்கில் சுற்றி டிவிஎஸ் வண்டியில் செருகிக்கொண்டு ஒருவர் வீடு திரும்புகிறார். சாயங்காலம் அதே எஸ்.ஐ. அவரிடம் இரண்டு இளநீர் குடித்துவிட்டுக் காசு கொடுக்காமல் போயிருந்தால் அது தொழிற்கருவி. காசு கேட்டிருந்தால் பயங்கர ஆயுதம். வண்டியை ஓட்டி வருகிறவன் இருபது வயசுப் பையனாக இருந்து, "எந்த ஏரியாடா?" என்ற கேள்விக்குக் கண்ணகி நகர் என்று பதில் சொல்லிவிட்டால், சாக்கைப் பிரித்துப் பார்க்கக்கூட வேண்டாம். நகரத்துக்குள் குடிசை கண்ணை உறுத்துகிறது என்று அவன் அப்பனைப் பிய்த்து எடுத்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் போட்டது அரசாங்கம். அந்த அடுக்குமாடியின் பெயரையே குற்றப் பின்னணியாக எழுதிக்கொள்வதும் அதே அரசாங்கம்.

இனி அந்த விலக்கு தங்கியிருக்கும் வீட்டுக்குப் போவோம். எந்தக் கட்சி மாநாட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஆளுயர மாலை முடிந்ததும் அடுத்து வருவது வீரவாள். மூன்றடி நீளம், வெள்ளி முலாம், கைப்பிடியில் சிங்க முகம். மாவட்டச் செயலாளர் குனிந்து கொடுக்க, தலைவர் உறையிலிருந்து உருவி, ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு நடுவே தலைக்குமேல் ஓங்கிக் காட்டுகிறார். விசில் பறக்கிறது. மேடைக்குக் கீழே பந்தோபஸ்துக்கு நிற்கிற டி.எஸ்.பி. அந்த வாளுக்கு நேராக, விறைப்பாக, ஒன்பது அங்குலத்தை மறந்து நிற்கிறார். அந்த வாளை வைத்து யாரும் தேங்காய் உரிக்கப் போவதில்லை. நெல் அறுக்கப் போவதில்லை. பட்டியலில் பெயர் சொல்லிக் குறித்த ஆயுதம். பொது இடம். பதினைந்து டிவி கேமரா சாட்சி. ஒப்புதல் வாக்குமூலமே தேவைப்படாத வழக்கு. இருந்தும் அதற்கு எஃப்.ஐ.ஆர். இல்லை, ஃபிரேம் போட்ட போட்டோதான் உண்டு.

ஆனால் தலைவருக்குச் சட்டத்தில் தப்ப ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. விளையாட்டுப் பொம்மையாகத் தவிர வேறெதற்கும் பயன்படாத பொருள் ஆயுதம் ஆகாது என்று அதே 1959ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. "என் வீரவாள் வெறும் பொம்மை, அதை வைத்து ஒரு வாழைத்தண்டைக்கூட வெட்ட முடியாது" என்று தலைவர் நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால் போதும், கேஸ் தள்ளுபடி. தாக்கல் செய்வாரா என்று அந்த மாவட்டச் செயலாளரைத்தான் கேட்க வேண்டும்.

பொம்மை சலுகை ஏழை வீட்டுப் பையனுக்குக் கிடையாது. அவன் பட்டாக்கத்தியால் பிறந்த நாள் கேக் வெட்டினால், சினிமாப் பாட்டுக்கு அரிவாளைத் தோளில் வைத்து ரீல்ஸ் போட்டால், காலையில் வீட்டு வாசலில் ஜீப் நிற்கும். நிற்கட்டும், கேக் வெட்டப் பட்டாக்கத்தி எதற்கு என்று எனக்கும் எரிச்சல்தான். அந்த முறைப்பை அவன் எங்கே கற்றான்? முக்கால் மணி நேரம் வெட்டிச் சாய்க்கும் கதாநாயகனின் பேனரில் கற்றான். அந்தப் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக்குப் பாதுகாப்புக் கொடுத்ததும் இதே ஸ்டேஷன்தான். பையனைப் பிடித்த கையோடு ஸ்டேஷனில் இன்னொரு ரீல்ஸ் எடுக்கிறார்கள். "தெரியாமப் பண்ணிட்டேன் சார், என்னை மாதிரி யாரும் பண்ணாதீங்க" என்று அவன் கும்பிடுகிறான். ஒரு கையால்தான் கும்பிடுகிறான். இன்னொரு கையில் மாவுக்கட்டு.

மாவுக்கட்டுக்கு வருவதற்கு முன் காவல்துறையின் இலக்கியத் தொண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தமிழில் அதிகப் பதிப்புக் கண்ட சிறுகதை எது தெரியுமா? "வாதி நடந்து சென்றுகொண்டிருந்தபோது எதிரி அவரை வழிமறித்து, இடுப்பில் மறைத்து வைத்திருந்த கத்தியை எடுத்துக் காட்டி, நான் இந்த ஏரியாவில் பெரிய ரவுடி, எனக்கு மாமூல் கொடுடா என்று மிரட்டி, சட்டைப் பையிலிருந்து ரூ.500-ஐ வலுக்கட்டாயமாகப் பறித்துக்கொண்டார். வாதி சத்தம் போடவே பொதுமக்கள் நாலாபுறமும் சிதறி ஓடினர். கடைக்காரர்கள் அச்சத்தால் கடைகளை அடைத்தனர்." கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை இதே கதைதான், ஊர் பெயரும் ஆள் பெயரும் மட்டும் மாறும். எந்த ரவுடியும் நிஜத்தில் "நான் பெரிய ரவுடி" என்று அறிமுகம் செய்துகொண்டதில்லை. ஆனால் கடை அடைத்தால்தான் பொது ஒழுங்கு கெடும், பொது ஒழுங்கு கெட்டால்தான் குண்டர் சட்டம் பாயும். ஆகவே ஐந்நூறு ரூபாய்க்காக ஒரு பஜாரே ஷட்டரை இறக்குகிறது. 1982ஆம் வருஷத்து 14ஆம் எண் சட்டத்தின்படி இந்த ஒரு கதை போதும். ஒரு வருஷம் வரைக்கும் விசாரணையில்லாமல், ஜாமீன் இல்லாமல் உள்ளே வைக்கலாம். உயர் நீதிமன்றம் பல மாதம் கழித்து, காலதாமதம் என்றோ படிக்கக்கூடிய நகல் தரவில்லை என்றோ ரத்து செய்யும். அதற்குள் அந்த ஆளின் வேலை போயிருக்கும், தங்கச்சி கல்யாணம் நின்றிருக்கும். சிறுகதை மட்டும் அடுத்த பதிப்புக்குப் போயிருக்கும்.

இதன் இரண்டாம் பாகத்தில் ஒரு முட்புதர் வரும். "எதிரி தாமாக முன்வந்து கொடுத்த வாக்குமூலத்தின் பேரில்" எல்லாரும் ஜீப்பில் ஏறி ஊர் எல்லைக்குப் போவார்கள். சீமைக்கருவேலம் புதருக்குள் அரிவாள் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் தற்செயலாக அந்தப் பக்கம் வந்து மகஜரில் கையெழுத்துப் போடுவார்கள். சில புதர்கள் இன்னும் விசேஷமானவை. பத்துப் போலீஸ்காரர்கள் சுற்றி நிற்க, எதிரி அந்தப் புதரிலிருந்து அரிவாளை எடுத்து எஸ்.ஐ.யின் கையில் லேசாகக் கீறுவான். தற்காப்புக்காக இன்ஸ்பெக்டர் சுடுவார். குண்டு சரியாக முழங்காலுக்குக் கீழே பாயும். சில சமயம் கொஞ்சம் மேலே. ஆயுதம் பதுங்கியிருக்கிறதென்று தெரிந்தே அழைத்துப்போன புதருக்குள் முதலில் கையை விட ஏன் அவனையே அனுமதிக்கிறார்கள் என்பது போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் தனிப் பாடமாக இருக்குமோ என்னவோ.

இப்போது மாவுக்கட்டு. கத்தியோடு பிடிபட்டவன் ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுவான். கை முறியும். பெரும்பாலும் கத்தி பிடித்த அந்தக் கைதான். தரைக்கு எப்படித்தான் தெரியுமோ? இன்ஸ்பெக்டர் விழுந்ததில்லை, ஏட்டு விழுந்ததில்லை, பெட்டிஷன் கொடுக்க வந்த பாட்டிகூட விழுந்ததில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும்தான் வழுக்குகிறார்களா, ஸ்டேஷன் கழிவறைகள் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றனவா என்ற கருத்தில் 2025இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. கேள்வி கேட்ட பிறகும் தரை காய்ந்தபாடில்லை. இதில் வெட்கக்கேடு போலீசோடு முடிவதில்லை. மாவுக்கட்டோடு நிற்பவனின் படத்தைச் சிரிப்புப் பொம்மை போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிய அத்தனை கௌரவமான விரல்களுக்கும் அந்த எலும்பில் பங்குண்டு. "ரவுடிதானே, இப்படிப் பண்ணாத்தான் அடங்குவான்" என்று நாம் சொன்ன ஒவ்வொரு முறையும் ஸ்டேஷன் பாத்ரூமில் இன்னொரு வாளி சோப்புத் தண்ணீர் ஊற்றினோம். வழுக்குகிறவர்கள் எல்லாரும் ரவுடிகள்தானா என்று பார்க்க யாரும் உள்ளே போகவில்லை.

ஆயுதச் சட்டத்தில் இன்னொரு விலக்கு இருக்கிறது. விவசாயத்துக்கும் வீட்டுக்கும் மட்டுமே உரியவை ஆயுதம் அல்ல என்று சொல்லிவிட்டு, உதாரணமாக இரண்டு பொருளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது சட்டம். ஒன்று கைத்தடி. இன்னொன்று லத்தி. ஆம், நாடாளுமன்றத்தில் நிறைவேறிய இந்தியச் சட்டத்தின்படி லத்தி ஓர் அப்பாவிப் பண்ணைச் சாமான். ஆடு மாடு ஓட்ட.

2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் இந்தப் பண்ணைச் சாமானைக் கொண்டு என்ன வேளாண்மை நடந்தது என்று நாடறியும். ஊரடங்கு நேரம் தாண்டிச் செல்போன் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் கொண்டுபோன அப்பாவும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. அவர்கள் இடுப்பில் எந்தக் கத்தியும் மறைந்திருக்கவில்லை. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், லத்திகளை ஒப்படையுங்கள் என்று கேட்டார். காதில் விழாதது போல நின்றார்கள். ஒரு காவலர் சுவரேறிக் குதித்து ஓடியே போனார் என்று நடுவர் அறிக்கையில் எழுதினார். கவனியுங்கள்: சுவரேறிக் குதித்தும் அவருக்குக் கை முறியவில்லை, மாவுக்கட்டு இல்லை. ஆயிரம் கத்திகளைக் கைப்பற்றி மேசையில் அடுக்கத் தெரிந்த துறைக்கு, தன் கையிலிருக்கும் ஒரு தடியை நீட்ட அவ்வளவு பிரயத்தனம் தேவைப்பட்டது.

அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி சிவகங்கை மாவட்டம். அதே மாவட்டத்தில், பக்கத்திலேயே இருக்கிறது திருப்புவனம். 2025 ஜூனில் அங்கே மடப்புரம் காளி கோயில் காவலாளி ஒருவரை, நகை காணவில்லை என்ற புகாரில் தனிப்படை கூட்டிப்போய் விசாரித்தது. பிரேதப் பரிசோதனையில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். போலீஸ்காரர்கள் ஐந்து பேர் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. அவர் அடிபட்டதை ஒருவர் மறைந்திருந்து, கழிவறை ஜன்னல் வழியாகச் செல்போனில் படம் பிடித்தார், அது வெளியே வந்தது. தமிழ்நாட்டுப் போலீஸ் வரலாற்றில் ஒரு கழிவறை முதல் தடவையாக உண்மை சொன்னது. வரிசையாகக் கத்திக்கும் அரிவாளுக்கும் பேர் எழுதிய அந்த மாவட்டத்துப் பட்டறை நோட்டுகளில் அந்தத் தடியை யார், எதற்காக வாங்கினார்கள் என்ற விவரம் இல்லை.

அரிவாளால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. தென் மாவட்டங்களில் பழிக்குப் பழி என்று தலைகள் விழுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே ராத்திரியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு. 2021இன் உத்தரவுக்கு இரண்டு வருஷம் கழித்து நடந்தது இது. அந்த அரிவாள் எந்தப் பட்டறையில் வாங்கியதாக இருந்தாலும் நோட்டில் "வீட்டு உபயோகம்" என்றுதான் எழுதியிருப்பார்கள். அதில் பொய்யும் இல்லை. சாதி நம் வீட்டு உபயோகப் பொருள்தானே, தினமும் எடுத்துத் துடைத்து வைக்கிறோம். நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள். மாணவர்கள் கையில் சாதிக் கயிறு வேண்டாம், பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம் என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். அதைக் கண்டதும், சாதிக் கயிறு எங்கள் பண்பாடு, கை வைக்காதே என்று கிளம்பியவர்கள் யார்? வீரவாள் வாங்கிய கைகளும் அதில் இருந்தன. பள்ளிக்கூட வாசலில் பையைத் துழாவி அரிவாள் தேடுவது சுலபம். அந்தப் பையன் பந்தலில் நின்று கைதட்டிய சாதி மாநாட்டுக்கு அனுமதி கொடுத்த கையெழுத்தைத் தேடினால் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

ஆகவே பட்டறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆன்லைனில் ஜப்பான் வாள் விற்கிறவனிடம் நோட்டு இல்லை, கூரியர்காரர் மாடியேறி வந்து கொடுத்துவிட்டுப் போகிறார். உலை முன்னால் வெந்துகொண்டிருக்கிற ஆசாரிக்கு மட்டும் நோட்டும் கேமராவும். ஒரு நாளைக்கு எத்தனை அரிவாள் விற்றுக் கேமராக் கடனை அடைப்பது என்று அவர்தான் கணக்குப் போட வேண்டும்.

கேமரா வாங்கத்தான் போகிறார் என்றால் அவரிடம் ஒன்று சொல்லி வைக்க வேண்டும். சாத்தான்குளம் ஸ்டேஷனிலும் கேமரா இருந்தது. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. அன்றன்றைக்குப் பதிவானது அன்றன்றைக்கே அழிந்துபோகும்படி செட்டிங் வைத்திருந்தார்கள் என்று நடுவர் தம் அறிக்கையில் எழுதியிருக்கிறார். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை மாதக் கணக்கில் பத்திரப்படுத்த வேண்டும் என்று அதே 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவும் போட்டது. ஆசாரி அண்ணே, கடைக்காரரிடம் அடித்துச் சொல்லுங்கள்: ஸ்டேஷனுக்குக் கொடுத்த மாடல் வேண்டாம்.